அந்நியத் திராட்சையின் சொந்த ஊர்

2014 மே மாதம். தில்லியில் தார்ச்சாலை இளகிக்கொண்டிருந்த ஒரு மாலையில் என் பள்ளித்தோழன் வீட்டுக்கு வந்தான். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் ஒரு கப்பல் அலுவலகத்தில் அவனுக்கு வேலை. வேட்டியில் சுற்றிய இரண்டு பாட்டில்களைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தான். வெளிநாட்டிலிருந்து வருபவர் இரண்டு லிட்டர் மது கொண்டுவரச் சுங்கம் அனுமதிக்கிறது. முக்கால் லிட்டர் பாட்டில் என்றால் இரண்டுதான்.

“மூணு வாங்கினேன். ஒண்ணு அங்கே என் வீட்டுக் கீழறையில இருக்கு. இதுல ஒண்ணை இப்பக் குடிக்கலாம். இன்னொண்ணைத் தொடாதே, அஞ்சு வருஷம் போகட்டும்” என்றான்.

லேபிளில் கிரேக்க எழுத்துகள். அவற்றுக்குக் கீழே ரோமன் எழுத்தில் ஒரு பிரெஞ்சுப் பெயர்: கேபர்நே சோவின்யோன், 2010. திராட்சை பிரான்ஸின் போர்தோ வட்டாரத்தைப் பிறப்பிடமாகக் கொண்டது. விளைந்த மண் கிரீஸின் வடமேற்கில் உள்ள மெட்சோவோ. நான் கேட்டது இயல்பான கேள்விதான்: “இது கிரேக்க ஒயினா, பிரெஞ்சு ஒயினா?”

“இப்பவே சொல்ல முடியாதுடா. கொஞ்ச வருஷம் போனா அதுவே சொல்லும்.”

நழுவலான பதில் என்றுதான் அன்று நினைத்தேன். ஒன்பது ஆண்டுகள் கழித்து அது சரியான பதில் என்று தெரிந்தது. இடையில் ஒரு பாட்டிலை நானே பாழாக்கினேன். அந்தக் கதையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் மெட்சோவோ. பிண்டஸ் மலைத்தொடரில் ஆயிரம் மீட்டருக்கு மேலான உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் கல்வீட்டு ஊர். குளிர்காலத்தில் பனி மூடும். கிரீஸ் என்றதும் நம் மனதில் வரும் வெள்ளைச் சுவர்களும் நீலக் கடலும் இங்கே இல்லை. ஊரின் பழைய குடிகள் பேசியது கிரேக்கம்கூட அல்ல, லத்தீன் வழிவந்த விலாக் மொழி. வெளியே போய்ச் சம்பாதித்து, அதை ஊருக்குக் கொண்டுவந்து சேர்ப்பது இவ்வூர்க்காரர்களின் பரம்பரைப் பழக்கம். 1896ல் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக் பந்தயம் நடந்தபோது பழைய பளிங்கு மைதானத்தைப் புதுப்பிக்கப் பணம் கொடுத்த ஜார்ஜ் அவெரோஃப் இவ்வூர்க்காரர். எகிப்தில் வணிகம் செய்து பொருள் ஈட்டியவர்.

அதே குடும்பத்தில் வந்த எவாங்கெலோஸ் அவெரோஃப் அரசியல்வாதி. 1956 முதல் 1963 வரை கிரீஸின் வெளியுறவு அமைச்சர்; 1974ல் ராணுவ ஆட்சி வீழ்ந்த பிறகு பாதுகாப்பு அமைச்சர். போரிலும் உள்நாட்டுக் கலகத்திலும் நொந்துபோயிருந்த தன் ஊரை நிமிர்த்த, சுவிட்சர்லாந்தில் வசித்த டோசிட்சாஸ் என்ற செல்வந்தரின் பணத்தில் 1947ல் ஓர் அறக்கட்டளை உருவாகக் காரணமாக இருந்தவர். இவ்வூர் இளைஞர்களைப் பாலாடைக்கட்டி செய்யக் கற்றுவர இத்தாலிக்கு அனுப்பினார்கள். அவர்கள் திரும்பி வந்து செய்த புகையூட்டிய பாலாடைக்கட்டி இன்று மெட்சோவோவின் பெயராலேயே விற்கிறது. இத்தாலியத் தொழில்நுட்பம், ஆனால் யாரும் அதை இத்தாலியச் சரக்கு என்று சொல்வதில்லை.

திராட்சையிலும் அவெரோஃப் இதையேதான் செய்தார். 1950களின் இறுதியில், கைவிடப்பட்டுக் கிடந்த மலைச்சரிவில் பிரெஞ்சுக் கேபர்நே கொடிகளை நட்டார். நவீன கிரீஸில் இத்திராட்சைக்கு அதுவே தொடக்கம் என்று சொல்வார்கள். முதலில் விற்பனைக்கு அல்ல, வீட்டுக்கும் விருந்தினருக்கும். ஒயினுக்கு வைத்த பெயர் ‘கடோயி’. மலைக்கிராமத்து வீட்டின் தரைமட்டக் கீழறைக்குக் கிரேக்கத்தில் அதுதான் சொல். பண்டம் வைப்பதற்கும் பீப்பாய் வைப்பதற்குமான குளிர்ந்த அறை. ஒயினைக் காப்பாற்றும் இடத்தின் பெயரையே ஒயினுக்கு வைத்த அந்த மனிதருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிய ஒரு பாட்டில் செலவானது.

கிரீஸில் எல்லோரும் இதை வரவேற்றார்கள் என்று சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஒயின் செய்த தேசம். முந்நூறு உள்நாட்டுத் திராட்சை வகைகள் வரை பேசப்படும் தேசம். அங்கே போர்தோவிலிருந்து கொடி இறக்குமதியா? கேள்வி நியாயமானது. 1971ல் கிரேக்க அரசு ஊர்ப்பெயர் கொண்ட உயர்தர ஒயின்களுக்குச் சட்டம் இயற்றியபோது நௌசாவின் ஸினோமாவ்ரோ, நெமியாவின் அயோர்யீதிகோ போன்ற உள்நாட்டு வகைகளுக்கே இடம் கொடுத்தது. தனிக் கேபர்நேயில் செய்த ஒயின், எவ்வளவு நன்றாக இருந்தாலும், மேசை ஒயின், வட்டார ஒயின் என்ற கீழ்ப்படிகளில்தான் நிற்க வேண்டியிருந்தது.

இன்னொரு புறம் கப்பல் முதலாளி யான்னிஸ் காராஸ், கால்கிடிகி தீபகற்பத்தில் கடலைப் பார்த்த சரிவுகளில் பெரும் தோட்டம் போட்டார். போர்தோவின் பேராசிரியர் எமில் பெய்னோ ஆலோசகராக வந்தார். அவருடைய வழிகாட்டலில், போர்தோவில் படித்துத் திரும்பிய எவாங்கெலோஸ் யெரோவாசிலியு 1976ல் பொறுப்பேற்றார். அங்கே கேபர்நேயுடன் லிம்னியோ என்ற பழைய கிரேக்கத் திராட்சையையும் கலந்தார்கள். அரிஸ்டாட்டில் காலத்திலேயே பேசப்பட்டதாகக் கருதப்படும் வகை அது. 1982ல் அந்தச் சரிவுகளுக்கு உயர்தர முத்திரை கிடைத்தது. அந்நியன் உள்ளூர்க்காரனின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் தாண்டினான் என்று சொல்லலாம்.

அந்தக் காலத்தில் உலகம் அறிந்த கிரேக்க ஒயின் பெரும்பாலும் பைன் மரப்பிசின் மணக்கும் ரெட்சீனாதான். கேபர்நே என்ற பெயர் லண்டன் கடைக்காரருக்கும் நியூயார்க் கடைக்காரருக்கும் புரியும். அது ஒரு பாஸ்போர்ட். அதைக் காட்டி உள்ளே போன பிறகுதான் மற்ற பெயர்களையும் மெல்ல உச்சரிக்கக் கற்றுக்கொடுக்க முடிந்தது. இன்று வெளிநாட்டார் கிரீஸிடம் ஸினோமாவ்ரோவையும் சாந்தோரினித் தீவின் அஸிர்டிகோவையும் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். அப்படியானால் பாஸ்போர்ட்டின் வேலை முடிந்துவிட்டதா? கேபர்நேக்கு இனி அந்த மலையில் என்ன வேலை? என் மேசை மேலிருந்த பாட்டிலில் இருந்தது இந்தக் கேள்விதான்.

முதல் பாட்டிலை அந்த வாரமே திறந்தோம். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று புத்தகங்களில் எழுதியிருக்கும். எழுதியவர்களின் அறை ஐரோப்பாவின் கல்சுவர் அறை, 16 முதல் 18 டிகிரி. தில்லியின் மே மாத அறையை அவர்கள் நினைத்துப் பார்த்ததில்லை. அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தோம். வெள்ளைத் துணியின் மேல் கோப்பையைச் சாய்த்துப் பார்த்தால் ஊதா கலந்த கருஞ்சிவப்பு. ஓரம் வரைக்கும் நிறம் நிரம்பியிருந்தது. இளமையின் நிறம் அது.

மணத்தைச் சொல்ல வந்தபோது மொழிபெயர்ப்பாளனுக்குச் சிக்கல். கேபர்நே என்றால் கறுப்புக் கரன்ட் பழ வாசனை என்று ஆங்கிலத்தில் எழுதுவார்கள். நான் அந்தப் பழத்தைப் பார்த்ததில்லை. தோழன் யோசித்துவிட்டுச் சொன்னான்: “நாவப்பழம்னு வச்சுக்கோ.” முகர்ந்தேன். சரியாகவே இருந்தது. நாவற்பழத்தில் இனிப்புக்குப் பின்னால் நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு உண்டு, இதிலும் உண்டு. இந்த இடத்தில் தமிழ் நம்மைக் கைவிடுவதில்லை. அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பை எண்ணியவர்கள் நாம். பாக்கு, வாழைப்பூ, அதிக நேரம் கொதித்த டீ என்று நாக்குக்குப் பழகிய உதாரணங்களுக்கும் குறைவில்லை. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின்தான் ஒயினின் துவர்ப்பு. அன்றைய கோப்பையில் அது கொஞ்சம் முரட்டுத்தனமாகவே இருந்தது.

இன்னொரு வாடையும் வந்தது. நறுக்கிய பச்சைக் குடமிளகாய். கேபர்நேயின் பிறவிக்குணம் இது. 1990களின் பிற்பாதியில் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மரபணுச் சோதனை செய்து, கேபர்நே சோவின்யோனின் பெற்றோர் கேபர்நே ஃபிராங்க் என்ற கறுப்புத் திராட்சையும் சோவின்யோன் ப்ளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையும் என்று கண்டார்கள். இரண்டிலும் இந்தப் பச்சை வாடை உண்டு. பைரஸீன் என்ற பொருள்தான் காரணம். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுகொள்ளும். வெயிலில் பழம் நன்கு முதிர்ந்தால் குறையும், குளிர்ந்த மலையில் நிறையத் தங்கிவிடும்.

நல்ல ஒயின்தான். ஆனால் அது திராட்சையைப் பற்றி மட்டும்தான் பேசியது. கண்ணைக் கட்டிக் கொடுத்திருந்தால் கேபர்நே என்று சொல்லியிருப்பேன், மெட்சோவோ என்று சொல்லியிருக்க மாட்டேன். புதிதாய் முடித்த மொழிபெயர்ப்பை மறுநாள் படித்தால் ஒவ்வொரு வரியிலும் மூலமொழி எட்டிப் பார்க்குமே, அந்த மாதிரி.

இரண்டாவது பாட்டிலைப் பாதுகாக்க வேண்டும். எல்லா ஒயினும் வைத்தால் மேம்படும் என்பது பொய். உலகில் செய்யப்படும் ஒயினில் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுகளில் குடிக்கச் செய்யப்படுவதுதான். துவர்ப்பும் புளிப்பும் போதிய அளவு கொண்ட சில மட்டுமே காலத்தைத் தாங்கும். கேபர்நே அதில் ஒன்று. பாட்டிலுக்குள் மிக மெதுவாக ஒரு வேலை நடக்கிறது. டானின் துகள்கள் ஒன்றோடொன்றும் நிறப்பொருளோடும் சேர்ந்து கனத்து, வண்டலாகக் கீழே இறங்குகின்றன. துவர்ப்பு மென்மையாகிறது. ஊதா செங்கல் நிறமாக மாறுகிறது. பழ வாசனை பின்வாங்கி, தேவதாரு மரம், புகையிலை, காய்ந்த இலை என்று வேறு வாசனைகள் முன்வருகின்றன.

இதற்கு வேண்டியது 12 முதல் 14 டிகிரிக் குளிர்ச்சி, அதுவும் ஏறி இறங்காமல். இருட்டு. கார்க் உலராத அளவுக்குக் காற்றில் ஈரம். பாட்டில் படுத்த நிலையில், உள்ளிருந்து ஒயின் கார்க்கை நனைத்துக்கொண்டிருக்க வேண்டும். எல்லாம் படித்தேன். படித்துவிட்டு என் மூன்றாம் மாடி வீட்டின் பரணில், பழைய அகராதிகளுக்குப் பின்னால், பாட்டிலைப் படுக்க வைத்தேன். இருட்டு இருந்தது, அமைதி இருந்தது. தலைக்கு மேல் மொட்டை மாடி என்பதை மட்டும் மறந்துவிட்டேன்.

2019 டிசம்பரில் எடுத்தபோது கார்க் கழுத்துக்கு வெளியே சற்று எட்டிப் பார்த்தது. மூடியின் ஓரத்தில் பிசுபிசுப்பான கறை. ஐந்து தில்லிக் கோடைகள். ஒவ்வொன்றிலும் ஒயின் சூடேறி விரிந்து கார்க்கைத் தள்ளியிருக்கிறது, குளிரில் சுருங்கிக் காற்றை இழுத்திருக்கிறது. கோப்பையில் விழுந்தது பழுப்பு நிறம். முகர்ந்தால் அடிப்பிடித்த வெல்லப்பாகு. நாவற்பழமும் இல்லை, மலையும் இல்லை. தொலைபேசியில் தோழனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அஞ்சு வருஷம் வைன்னுதானே சொன்னேன், அஞ்சு வருஷம் வேகவைன்னா சொன்னேன்?” என்றான்.

வருத்தம் காசுக்காக அல்ல. காலம் தானாகவே வேலை செய்யும் என்று நம்பியிருந்தேன். இடம் சரியில்லாவிட்டால் காலம் வெறும் வெயில்தான். தில்லியிலோ சென்னையிலோ யாராவது உங்களுக்கு நல்ல ஒயின் கொடுத்தால், கீழறையும் இல்லை, குளிர்ப்பெட்டியும் இல்லை என்றால், அந்த வருடமே குடித்துவிடுங்கள். சில மாதங்கள் வைத்தே ஆக வேண்டுமென்றால் சமையலறை ஃபிரிட்ஜ்கூடப் பரணைவிட மேல். அங்கே அதிகக் குளிர், வறட்சியும்கூட, ஆனால் கொல்லாது.

2023 அக்டோபரில் மொழிபெயர்ப்பு வேலையாக ஏதென்ஸ் போனேன். தோழனின் வாடகை வீடு பழைய வீடு, தெருமட்டத்துக்குக் கீழே கல்சுவர் அறை. ஒன்பது ஆண்டுகளாக மூன்றாவது பாட்டில் அங்கேதான் கிடந்தது. முதல் நாளே அதை நிமிர்த்தி வைத்திருந்தான், வண்டல் அடியில் இறங்கட்டும் என்று. மாலையில் மெழுகுவர்த்திச் சுடரைப் பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒயினைக் கண்ணாடிக் குடுவைக்கு மிக மெல்ல ஊற்றினான். வண்டலின் முதல் கீற்று கழுத்துக்கு வந்ததும் நிறுத்தினான். தெளிந்தது குடுவையில், கசடு பாட்டிலில்.

தமிழ் படித்தவனுக்கு அந்த நேரத்தில் ஒரு சொல் நினைவுக்கு வராமல் இருக்காது: தேறல். தேறு என்றால் தெளி. தெளிந்த மது தேறல். நல்ல கலங்களில் யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பாண்டிய மன்னனுக்குப் ஒளிரும் வளை அணிந்த மகளிர் ஊற்றித் தருவதைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் சொல்கிறார். அது வெறும் கவிக்கூற்று அல்ல. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டு அகழ்வுகளில் கிரேக்கத்தின் கோஸ் தீவு வகையைச் சேர்ந்த ஒயின் ஜாடிகளின் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. மண்ணில் புதைத்து முதிர்வித்த கள்ளையும் நம் புலவர்கள் அறிவார்கள், கபிலர் பாடியிருக்கிறார். கடல் தாண்டி வரும் மது எப்படித் தெளிகிறது, நிலத்தடியில் மது எப்படி முதிர்கிறது என்பதெல்லாம் நம் மொழி ஒரு காலத்தில் நன்றாக அறிந்திருந்த விஷயங்கள்தான்.

கோப்பையைச் சாய்த்தேன். நடுவில் இன்னும் கருஞ்சிவப்பு, ஓரத்தில் செங்கல். முகர்ந்தபோது முதலில் வந்தது நாவற்பழம் அல்ல. மழை நின்ற காட்டின் ஈர இலைகள், தேவதாருப் பெட்டி, ஆறிய அடுப்பின் புகை. பச்சைக் குடமிளகாய் போய்விடவில்லை, அது போகாது. ஆனால் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தனியாகத் துருத்திக்கொண்டிருந்தது இப்போது மலைச்சரிவில் காய்ந்துகொண்டிருக்கும் ஏதோ மூலிகைபோல மற்றவற்றோடு சேர்ந்திருந்தது. நாவில் துவர்ப்பு இருந்தது, பிடித்து இழுக்கவில்லை. விழுங்கிய பிறகு நிற்பது குளிர்ந்த, சுத்தமான ஒரு புளிப்பு. வெயில் அதிகமுள்ள சமவெளிக் கேபர்நேயில் அந்தப் புளிப்பு கிடைக்காது. உயரத்தில் இரவுக் குளிர் பழத்தில் தக்கவைத்தது அது.

இளமையில் ஒயின் திராட்சையைப் பேசும், முதிர்ந்த பின் மண்ணைப் பேசும் என்று ஒயின்காரர்கள் சொல்வதுண்டு. விளம்பர வாசகம் என்று நினைத்திருந்தேன். முதல் கோப்பையில் குறையாகத் தெரிந்த அந்தப் பச்சை வாடைதான் கடைசிக் கோப்பையில் மெட்சோவோவின் முகவரியாக இருந்தது. கொடி பிரெஞ்சுக்காரக் கொடிதான். அந்தக் குளிரும் அந்தப் புளிப்பும் வேறு எந்த ஊராலும் கொடுக்க முடியாதவை.

உள்நாட்டுத் திராட்சைகளுக்காக வாதாடுகிறவர்களின் அச்சம் பொய்யில்லை. எங்கும் ஒரே திராட்சையை நட்டு, ஒரே மாதிரிப் புது ஓக் பீப்பாயில் ஊறவைத்து, ஒரு வருடத்தில் விற்றுத் தீர்த்தால் உலகம் முழுவதும் ஒரே ஒயின்தான் மிஞ்சும். நாசிக்கிலும் நந்திமலை அடிவாரத்திலும் இதே கேபர்நே இன்று விளைகிறது. இந்தக் கேள்வி நாளை நமக்கும் வரும். ஆனால் அந்நியம் என்பது எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் பொறுத்ததல்ல. எவ்வளவு காலம் ஓரிடத்தில் விடப்பட்டது, எப்படி வைக்கப்பட்டது என்பதையும் பொறுத்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மிளகாய்க்கு மிளகின் பெயரைக் கொடுத்து வீட்டுக்குள் சேர்த்துக்கொண்ட நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்றைய கிரேக்கர்கள் பேச்சில் ஒயினைக் ‘கிரசி’ என்கிறார்கள். கலத்தல் என்ற பொருளிலிருந்து வந்த சொல். பழங்காலத்தில் நீர் கலந்தே அவர்கள் ஒயின் குடித்தார்கள். ‘ஓய்னோஸ்’ என்ற தொன்மையான சொல் இன்று பெரும்பாலும் லேபிள்களிலும் சட்டத்திலும் வாழ்கிறது. கலப்பைக் குறிக்கும் சொல்தான் வீட்டில் புழங்குகிறது.

குடுவை காலியானது. தில்லிக்குக் கிளம்பும் அன்று காலை தோழன் கீழறைக்குப் போய் அதே மலையின் வேறொரு பாட்டிலை எடுத்து வந்தான். 2016ஆம் ஆண்டு அறுவடை. வேட்டிகூட எடுத்து வைத்திருந்தான், சுற்றுவதற்கு.

ஆசையாகத்தான் இருந்தது. கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

“அது இங்கேயே இருக்கட்டும்டா. நான் வர்றேன்.”